அம்மால் என்ற பெயரின் பொருள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முதல் வரியை இரண்டு முறை அடித்துவிட்டு, மூன்றாவது முறையும் அதையே எழுதியிருக்கிறேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அம்மா இறந்த மறுநாள் வாசலில் வைத்து நீ சொன்னதை நான் மறக்கவில்லை. இனி இந்தப் படி ஏறாதே என்றாய். ஒன்பது வருடமாக ஏறவில்லை. உன் தொலைபேசி எண் மாறிவிட்டது, அதனால் கடிதம். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் நான் ஒன்றும் கேட்க முடியாது.

நான் இப்போது ஓர் அகராதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சொற்களுக்கான அகராதி இல்லை, குடும்பப் பெயர்களுக்கு. ஒரு பெயர் எந்த மொழியில் பிறந்தது, என்ன பொருள், இன்று எந்தெந்த ஊரில் எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதுகிறோம். அரபியிலிருந்து வந்த பெயர்கள் என் பங்கு. மூன்று வருடமாக அடுத்தவர் பெயர்களையே தோண்டிக்கொண்டிருந்தேன். இப்போது நம் பெயரின் முறை வந்திருக்கிறது. "உங்க பேர்தானே, நீங்களே எழுதுங்க" என்று தலைமைப் பதிப்பாசிரியர் சிரித்துக்கொண்டே அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். நம் பெயரைப் பற்றி அப்பா சொல்லும் கதை, அவர் சொல்கிறபடியே. அப்புறம், அவருடைய தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோது துறைமுகத்தில் கொடுத்த சீட்டு. அது இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதன் நகல் போதும்.

அப்பா எப்படி இருக்கிறார்? இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். உன்னைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதால் கேட்காமல் விடுகிறேன்.

தம்பி


ஜனவரி 27

தம்பி,

கிழிச்சுப் போடத்தான் நினைச்சேன். உறை மேல உங்க அலுவலகப் பேர் அச்சடிச்சிருந்ததை அப்பா பார்த்துட்டார். அதனால தப்பிச்சே.

அப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போச்சு. பேச்சு குழறுது. தண்ணி வேணும்னு சொன்னாக்கூட நான் ரெண்டு தடவை கேட்டுத்தான் புரிஞ்சுக்கணும். ஆனா இந்தப் பேர் கதை மட்டும் தடங்கல் இல்லாம வருது. கோர்ட்டில நாப்பது வருஷம் எழுத்தரா இருந்தவர் இல்லையா, வாக்குமூலம் குடுக்கிற மாதிரி சொல்லி, என்னை எழுதச் சொன்னார். எழுதிக்கோ.

நம்ம முன்னோர் ஒரு ராஜ்யத்தில ஆமிலா இருந்தாராம். ஆமில்னா அரபில ஆளுநர். ஒரு மாகாணமே அவர் கைக்குள்ள. அரசர் மாறினதும் தலைக்கு ஆபத்துன்னு கப்பல் ஏறி வந்துட்டார். இங்க இருக்கிற ஜனங்க வாயில ஆமில் நுழையாம அம்மால் ஆயிடுச்சு. பள்ளிக்கூடத்தில உன்னையும் என்னையும் "அம்மாள், அம்மாள்"னு கேலி பண்ணினப்பவும் இதையேதான் சொன்னார், ஞாபகம் இருக்கா? "விவரம் தெரியாததுங்க, விடு"ன்னு. நீ அழுகையை நிறுத்திட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போவே.

நான் எதை ஞாபகம் வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியும், அம்மாவுக்காகத்தான் அவங்க இருக்கிறவரை உன்னைப் படி ஏற விட்டேன். இருபத்தேழு வருஷம் முன்னாடி என் கைப்பையிலிருந்து கிரேன்காரரோட கடிதத்தை எடுத்து அப்பா கையில குடுத்தே. அன்னிக்கும் இந்தப் பேர்தான். "ஆமில் வம்சத்துப் பொண்ணு, துறைமுகத்தில மூட்டை தூக்கிறவன் வீட்டுக்கு மருமகளாப் போறதா?" அவர் மூட்டை தூக்கலை, கிரேன் ஓட்டினார், அவரோட அப்பாதான் மூட்டை தூக்கினார்னு சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெரியவர் வீட்டுக்கே போய், வாசல்ல நின்னு, தெருவே கேக்கிற மாதிரி அப்பா என்ன பேசினார்னு உனக்குத் தெரியுமே. நீயும்தானே கூடப் போயிருந்தே.

சீட்டோட நகல் இதுக்குள்ள இருக்கு. பேரோட முதல் எழுத்து மேல மை கொட்டியிருக்கு.

எனக்கு ஐம்பத்தொண்ணு ஆச்சு. அதே மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறேன். கேக்காமலே சொல்லிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

பதில் எழுதியதற்கு நன்றி. அப்பாவைப் பற்றிப் படித்தபோது கையில் இருந்த வேலை ஓடவில்லை. அந்த வலது கையால்தான் அவர் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்.

சீட்டு உதவியாக இருந்தது. இன்னும் சில பழைய பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். அரபு எழுத்திலிருந்து வேறு எழுத்துக்கு மாறும்போது ஒரே பெயர் நான்கு விதமாகிவிடும். இறங்குகிறவர் ஒன்று சொல்வார், குமாஸ்தா காதில் ஒன்று விழும், அவர் பேனா ஒன்று எழுதும். அதனால் பொறுமை வேண்டும்.

நம் பெயரோடு இந்த நாட்டில் இப்போது நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். வரைபடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைத்தேன். ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் கடலோரத்தில் விழுந்தன. அதற்கு மேல் இப்போது சொல்வதற்கில்லை. பொருள் பற்றிப் பல கருத்துகள் உண்டு. அப்பாவிடம் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்.

அவரைக் கவனிக்க ஆள் யாராவது வைத்திருக்கிறாயா? நான் ஏதாவது செய்யலாமா?

அந்த வாசலில் நானும் நின்றேன் என்பதை நீ எழுத வேண்டியதே இல்லை. எனக்கு அந்தத் தெரு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பெரியவர் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா பேசப்பேச அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, நின்றபடியே கேட்டார்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

நீ பொய் சொல்றப்போ உன் வாக்கியம் எல்லாம் மரியாதையா ஆயிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "பல கருத்துகள் உண்டு" அப்படின்னா என்ன? உனக்கு ஏதோ தெரிஞ்சுபோச்சு. அதைச் சொல்லு.

நான் வெறும் ஆசைக்குக் கேக்கலை. உனக்குச் சொல்லவேண்டாம்னு இருந்தேன், சொல்லிடறேன்.

போன வருஷம் கிரேன்காரர் எங்க கடைக்கு வந்தார். உடைஞ்ச பிரேமைக் கையில வச்சுக்கிட்டு நின்னார். நான்தான் உள்ள இருக்கேன்னு அவருக்குத் தெரியாது. ரசீது எழுதறப்போ என் கையெழுத்தைப் பார்த்துட்டுத் தலை நிமிர்ந்தார். முடி எல்லாம் போச்சு. வேலையிலிருந்து ஓய்வு ஆயிட்டார். சம்சாரம் இறந்து மூணு வருஷம். பொண்ணு வேற ஊர்ல கல்யாணம் ஆகிப் போயிட்டா. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை கண்ணாடி இறுக்கம், கண்ணாடி தளர்ச்சின்னு வந்தார். கடைப் பசங்க எல்லாம் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷம் கழிச்சு.

டிசம்பர்ல கேட்டார். மிச்சம் இருக்கிற காலத்துக்கு என் வீட்டுக்கு வந்துடுன்னார். அப்பாவை விட்டுட்டு வர முடியாதுன்னேன். "அவரையும் கூட்டிட்டு வா. கீழ் அறை சும்மாத்தான் கிடக்கு, படி ஏற வேண்டாம்"னு சொன்னார். வாசல்ல நின்னு தன் அப்பாவை அவ்வளவு பேசின மனுஷனுக்கு அறை குடுக்கிறேன்னு சொல்றார். இதுக்கு மேல ஒருத்தர்கிட்ட என்ன எதிர்பார்க்கிறது?

அப்பாகிட்ட சொன்னேன். இடது கையால கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாம் நாள் வாயைத் திறந்து சொன்னது "ஆமில்" மட்டும்தான்.

அவரைக் கம்பியிலிருந்து பிரிச்சுத் தூக்கிட்டுப் போக என்னால முடியாது. அதனால கேக்கிறேன். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?

அக்கா


மார்ச் 8

அக்கா,

சொல்லிவிடுகிறேன்.

அது ஆமில் இல்லை. ஆமிலில் முதல் எழுத்து நீளும், நடுவில் ஒரே ஒரு மகரம். நம் பெயரில் முதல் எழுத்து குறுகியிருக்கிறது, மகரம் இரட்டிக்கிறது. அரபியில் அந்த அச்சில் வருகிற பெயர்களில் பெரும்பாலானவை தொழிற்பெயர்கள். ஹத்தாத் என்றால் கொல்லர். நஜ்ஜார் தச்சர். கய்யாத் தையல்காரர். அந்த வரிசையில் நம்முடையது ஹம்மால். சீட்டில் மை கொட்டிய இடத்தில் இருந்தது ஹகரம்; இந்தப் பக்கத்துப் பேச்சில் அது எல்லா ஊரிலும் உதிர்ந்துவிட்டது. அதே கப்பலின் பயணிகள் பட்டியல் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். அதில் மை கொட்டவில்லை, தெளிவாக இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் எழுதியிருக்கிறார்கள்.

ஹம்மால் என்றால் சுமை தூக்குகிறவர்.

புள்ளிகள் ஏன் கடலோரமாக விழுந்தன என்று இப்போது புரிந்திருக்கும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் சரக்கு இறக்க வந்தவர்கள், அங்கங்கேயே தங்கிவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஹகரத்தோடு அந்தப் பெயரை எழுதிக்கொண்டு இன்னும் பலர் இருக்கிறார்கள். யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

பட்டியலைப் பார்த்த அன்று அலுவலகத்துக்குத் திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தேன். உன் பையிலிருந்து கடிதத்தை எடுத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நிஜமாகவே நம்பினேன். நம்பினேன் என்பது சமாதானம் இல்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எண்பத்துமூன்று. நீ வேண்டாம் என்றால் அகராதியில் "பொருள் உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதிவிடுகிறேன். அப்படி எழுதிய பெயர்கள் நிறைய இருக்கின்றன, யாரும் கேட்க மாட்டார்கள். சொல்வதா வேண்டாமா என்பது உன் கையில்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

உடனே எழுத முடியலை. இப்பவும் எழுதணுமான்னு தெரியலை. ஆனா இதைச் சொல்ல எனக்கு வேற ஆள் இல்லை.

உன் கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை, மத்தியானம். கடையிலிருந்து வந்து, அப்பாவுக்கு முகம் துடைச்சு, தலையணையை நிமித்தி வச்சுட்டு, கட்டில் பக்கத்தில ஸ்டூலைப் போட்டு உக்காந்து, முழுசாப் படிச்சுக் காட்டினேன். மெதுவாப் படிச்சேன். அவரைக் கொல்லப் போறேன்னு நினைச்சுக்கிட்டே படிச்சேன். நிறுத்தலை.

படிச்சு முடிச்சதும் கூரையைப் பார்த்தார். அப்புறம், "தெரியும்"னார்.

எனக்குச் சரியா காதுல விழலைன்னு நினைச்சு, என்னப்பான்னு கேட்டேன். மறுபடியும், "தெரியும்."

அவரோட தாத்தாவை அவர் பார்த்திருக்கார். அவர் சாகிறப்போ அப்பாவுக்குப் பத்து வயசு. தாத்தாவோட வலது தோள்ல ஒரு முண்டு இருந்ததாம், மூட்டை தேய்ச்சுத் தேய்ச்சுக் காய்ச்சுப் போன சதை. குழந்தையா இருக்கிறப்போ அது மேலதான் அப்பா கன்னத்தை வச்சுத் தூங்குவாராம். ஒரு நாள் அந்தத் தாத்தா சரக்கைச் சுமந்துக்கிட்டு பள்ளிக்கூடத்து வழியாப் போனப்போ, வெளிய நின்ன அப்பாவைப் பார்த்துச் சிரிச்சிருக்கார். கூட இருந்த பையன் யாருடா அதுன்னு கேட்டானாம். எங்க வீட்டு வேலைக்காரர்னு சொல்லிட்டார். அது தாத்தா காதில விழுந்துதா இல்லையான்னு இன்னி வரைக்கும் தெரியாதாம். ஆமில் கதை எல்லாம் அதுக்கு அப்புறம் புத்தகத்தில அந்த வார்த்தையைப் பார்த்துட்டு இவரா கட்டினது.

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. வார்த்தை வார்த்தையா. நான் கேட்டேன், "தெரிஞ்சுமா என்னை அப்படிப் பண்ணினீங்க?"

"தெரிஞ்சதனாலதான்"னார்.

தண்ணி கேட்டார், குடுத்தேன். குடிச்சுட்டு, கம்பியைப் பிடிச்சிருந்த கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, "எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ"ன்னு சொன்னார்.

அப்பவே செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு டீச்சரை அப்பாகிட்ட உக்கார வச்சுட்டு, பஸ்ஸுக்குக்கூட நிக்காம கிரேன்காரர் வீட்டுக்கு நடந்தே போனேன். கோபமா, சந்தோஷமா, ரெண்டும் சேர்ந்ததான்னு எனக்கே தெரியலை. அவர் கொடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தார். அப்பா சம்மதிச்சுட்டார்னு மட்டும் சொல்லியிருந்தா போதும். அதைச் சொல்லலை, தம்பி. பேரைப் பத்திச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். "நாங்களும் மூட்டை தூக்கினவங்கதானாம். உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசமே இல்லை, இனிமே ஒரு தடையும் இல்லை"ன்னு சொன்னேன்.

கையில இருந்த சட்டையை அவர் உதறலை. அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னார்.

"எங்கப்பா மூட்டை தூக்கினார். அதுல என்ன குறை இருந்தது, இன்னிக்கு நீ வந்து சரி பண்றதுக்கு?"

நான் அந்த அர்த்தத்தில சொல்லலைன்னேன்.

"நீங்க மேல இருக்கிறதா நினைச்சவரைக்கும் நான் உங்களுக்கு ஆகலை. கீழ இருக்கிறது தெரிஞ்சதும் ஆயிட்டேன். உங்கப்பா கத்திச் சொன்னதை நீ சிரிச்சுக்கிட்டுச் சொல்றே."

கோபமாக்கூடப் பேசலை. சட்டையைக் கொடியில போட்டு, கிளிப் மாட்டிட்டு, உள்ள போயிட்டார். நான் கதவைத் தட்டினேன். ரெண்டு தடவை. அப்புறம் எனக்கே, அன்னிக்கு அப்பா நின்னதும் ஒரு வாசல்தானேன்னு தோணி, திரும்பிட்டேன்.

கடைக்கு வருவார்னு மூணு வாரமா பார்க்கிறேன். வரலை.

நீ உண்மையையே எழுது. இனிமே யாருக்காக மறைக்கணும்?

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பல முறை படித்துவிட்டேன். தவறு உன்னுடையது இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் அது மரியாதையான வாக்கியமாகிவிடும், நீ கண்டுபிடித்துவிடுவாய். நாம் மூன்று பேரும் கிரேன்காரரை அவமானப்படுத்தியிருக்கிறோம், ஆளுக்கொரு விதமாக. நீ மட்டும்தான் வேண்டும் என்று செய்யவில்லை.

பதிவு அச்சுக்குப் போய்விட்டது. மூலம் அரபு. பொருள் சுமை தூக்குபவர். எண்ணிக்கை நாற்பத்தொன்று. நாற்பத்தொரு பேரில் நம் கிளை மூன்று பேர், நீ, நான், அப்பா. எனக்கும் பிள்ளைகள் இல்லை. அது பதிவில் இல்லை.

கிரேன்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ சொல்லாமல் எழுதியது தவறுதான். உனக்காகத் தூது போகவில்லை. பத்தொன்பது வயதில் நான் செய்ததையும், அன்று அவர் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்ததையும் மட்டும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவர் வீட்டு முகவரி எனக்குத் தெரியும், வேறு எதை மறந்தாலும் அந்தத் தெருவை மறக்க முடியவில்லை. கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறை மேல் தபால்காரர் "வீடு பூட்டு" என்று எழுதியிருக்கிறார்.

உனக்கு ஏதாவது தெரியுமா?

மே 17 அன்று வருவதற்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் ரத்து செய்துவிடுவேன். படி ஏறச் சொல்ல வேண்டாம். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

தம்பி


மே 3

தம்பி,

கிரேன்காரர் தன் மகள் இருக்கிற ஊருக்கே போயிட்டார். வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. கடைக்கு ஒரு அம்மா கண் பரிசோதனைக்கு வந்தாங்க, புது முகவரின்னு அந்த வீட்டு முகவரியைச் சொன்னாங்க. நான்தான் எழுதிக்கிட்டேன். கீழ் அறையில அவங்க தையல் மிஷின் போடப் போறாங்களாம், வெளிச்சம் நல்லா வருதாம்.

மகள் வீட்டு முகவரியை விசாரிச்சா கிடைக்கும். நான் விசாரிக்கலை. நீயும் விசாரிக்காதே. மன்னிப்புக் கேக்கிறதுக்காகத் திரும்பத் திரும்ப ஒருத்தர் கதவைத் தட்டறதும் தொந்தரவுதான்.

அப்பாவுக்குப் போன புதன்கிழமை ரெண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. இப்போ பேச்சு முழுக்கப் போச்சு. கண் திறந்திருக்கு, ஆனா என்னைப் பார்க்கிற மாதிரி தெரியலை. ஆஸ்பத்திரியில ஒண்ணும் பண்றதுக்கில்லை, வீட்டிலேயே வச்சுக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. உங்க புத்தகம் அச்சாகி வந்தா படிச்சுக் காட்ட ஆள் இல்லை.

நீ வா. உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு வராதே. மன்னிக்கலை. அதுக்கு முயற்சி பண்ணவும் எனக்குத் தெம்பு இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிடும். முந்தாநாள் புரட்டறப்போ என் இடுப்பு பிடிச்சுக்கிட்டது. டாக்டர் என்னைக் குனியவே கூடாதுங்கிறார். டீச்சர் அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசு, அவங்களை எத்தனை தடவை கூப்பிடறது?

எனக்கு இன்னொரு ஜோடி கை வேணும். அவ்வளவுதான். எத்தனை நாள்னு தெரியாது, நீண்ட லீவு போட்டுட்டு வா.

வர்றப்போ பெரிய மருந்துக் கடையில ரப்பர் விரிப்பு ரெண்டு வாங்கிட்டு வா. இங்க கிடைக்கிறது அகலம் பத்தலை. கட்டில் மூணரை அடி.

அக்கா